உள்ள போறதா, வெளிய நிக்கறதா? ட்ஸிப்பி லிவ்னி எடுத்த முடிவுகளை வச்சு ஒரு ஒப்பீடு

2009 பிப்ரவரில ட்ஸிப்பி லிவ்னி கையில 28 சீட்டு இருந்துச்சு, இஸ்ரேல் பார்லிமெண்ட்லயே பெரிய கட்சி அவங்களோட கடிமாதான், நெதன்யாகு கூட்டணிக்கு வாங்கன்னு கூப்பிட்டார், வரலன்னு சொல்லிட்டு எதிர்க்கட்சி வரிசையில போய் உக்காந்தாங்க. 2013 பிப்ரவரில அதே லிவ்னி கையில வெறும் 6 சீட்டு, கூப்பிட்டதும் அதே நெதன்யாகு, மத்த கட்சிக்காரங்க எல்லாம் இன்னும் பேரம் பேசிட்டு இருக்கும்போதே முதல் ஆளா போய் கையெழுத்து போட்டாங்க. நாலு வருஷத்துக்குள்ள ஒரே ஆள்கிட்ட நேர் எதிரா ரெண்டு முடிவு. இதுல எது சரிங்கறதுதான் நான் இங்க பாக்கப் போறது.

பெரும்பாலானவங்க 2009 முடிவைப் புகழுவாங்க, கொள்கைக்காகப் பதவியை விட்டாங்கன்னு. 2013-ஐ திட்டுவாங்க, பதவிக்கு ஓடுனாங்கன்னு. எனக்கு நேர் மாறாத்தான் தோணுது. 2009-ல வெளிய நின்னதை விட 2013-ல உள்ள போனதுல கைக்கு கிடைச்சது அதிகம். ஆனா இந்த ரெண்டையும் விட பெரிய முடிவு ஒன்னு 2008 அக்டோபர்ல நடந்துச்சு, அதை யாரும் சரியா பேசறதில்ல, இந்த கட்டுரையில நிறைய இடம் அதுக்குத்தான் போகும்.

முதல்ல ஆள் யாருன்னு கொஞ்சம் பாத்துடலாம், இல்லன்னா இந்த முடிவுகளோட கனம் புரியாது. 1958-ல டெல் அவீவ்ல பொறந்தவங்க. அப்பா ஐத்தான் லிவ்னி, அம்மா சாரா, ரெண்டு பேருமே பாலஸ்தீனம் பிரிட்டிஷ் கையில இருந்த காலத்துல இர்குன்ங்கற யூத ஆயுத இயக்கத்துல இருந்தவங்க, அப்பா அதோட ஆபரேஷன்ஸ் தலைவர். ஜோர்டான் நதியோட ரெண்டு கரையும் எங்களுக்குத்தான்னு சொன்ன இயக்கம் அது, அந்த மேப் இருக்கற இர்குன் சின்னத்தை அவரோட கல்லறையில கூட செதுக்கி வச்சிருக்காங்க. அந்த வீட்டுப் பொண்ணு 1980-கள் தொடக்கத்துல மொசாட்ல வேலை பாத்துட்டு, அப்புறம் பார்-இலான் யுனிவர்சிட்டில சட்டம் படிச்சு வக்கீலா இருந்து, 1999-ல லிக்குட் கட்சி எம்.பி. ஆகி, 2001-ல பிரதமர் ஷரோன் கேபினெட்ல மினிஸ்டர் ஆனாங்க. அதுக்கப்புறம் விவசாயம், குடியேறுறவங்க நலன், வீட்டுவசதி, நீதி, வெளியுறவுன்னு இலாகா மேல இலாகா. இந்த ஓட்டத்துல எங்கயோ ஒரு இடத்துல, நதிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கற மொத்த நிலத்தையும் வச்சுகிட்டா ஒன்னு யூத நாடா இருக்க முடியாது இல்ல ஜனநாயகமா இருக்க முடியாதுங்கற முடிவுக்கு வந்துட்டாங்க, நிலத்தைப் பிரிச்சுத்தான் ஆகணும்னு. அதுக்கப்புறம் அவங்க எடுத்த எல்லா முடிவுக்கும் அடியில இருந்த கேள்வி ஒன்னுதான்: இந்தப் பிரிவினையை எங்க உக்காந்தா நடத்த முடியும்?

உள்ள இருந்தா என்ன முடியும்ங்கறதுக்கு முதல் சாட்சி 2004. காஸாவுல இருந்து யூதக் குடியேற்றங்களை எடுக்கணும்னு ஷரோன் முடிவு பண்ணிட்டார், ஆனா சொந்தக் கட்சி மினிஸ்டர்களே ஒத்துக்கல, நெதன்யாகு அப்ப நிதியமைச்சர், அவரும் முரண்டு பிடிச்சுட்டு இருந்தார். லிவ்னி ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போய் ஒரு வாசகம் எழுதுனாங்க. திட்டத்தை கேபினெட் இப்ப கொள்கையளவுல ஏத்துக்கும், குடியேற்றங்களை காலி பண்றது கட்டம் கட்டமா நடக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியா ஓட்டெடுப்பு இருக்கும்னு. எதிர்த்தவங்களுக்கு நாங்க இன்னும் காலி பண்ண ஒத்துக்கலன்னு சொல்லிக்க இடம் கிடைச்சுது, ஷரோனுக்கு முடிவு கிடைச்சுது. ஜூன் 6 அன்னைக்கு 14-க்கு 7-ன்னு பாஸ் ஆச்சு, அதுக்காக ஷரோன் ரெண்டு மினிஸ்டரை முன்கூட்டியே டிஸ்மிஸ் பண்ணவும் வேண்டியிருந்துச்சு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல காஸாவுல 21 குடியேற்றமும் மேற்குக் கரை வடக்குல 4-ம் காலி ஆச்சு. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதாங்கறது வேற விவாதம், நான் சொல்ல வர்றது வேற. அன்னைக்கு லிவ்னிக்குன்னு சொந்தமா ஒரு எம்.பி. கூட கிடையாது, கட்சி கிடையாது, கோஷ்டி கிடையாது. ரெண்டு பக்கமும் நம்புற ஒரு வக்கீல், அவ்ளோதான். அந்த நம்பிக்கையே காரியத்தை முடிச்சுது.

2005 நவம்பர்ல ஷரோன் லிக்குட்டை விட்டு வெளிய வந்து கடிமா ஆரம்பிச்சார், லிவ்னி கூடவே போனாங்க. 2006 ஜனவரி 4 ஷரோனுக்கு பெரிய ஸ்ட்ரோக், எஹுட் ஓல்மெர்ட் பிரதமர் பொறுப்பேத்தார், மார்ச் எலக்ஷன்ல கடிமா 29 சீட்டு, லிவ்னி வெளியுறவு மினிஸ்டர். ஜூலைல லெபனான் போர், 34 நாள். அதை விசாரிச்ச வினோகிராட் கமிஷன் 2007 ஏப்ரல் 30 இடைக்கால அறிக்கையில ஓல்மெர்ட்டை கடுமையா குறை சொல்லுச்சு. ரெண்டு நாள் கழிச்சு லிவ்னி பத்திரிகைக்காரங்க முன்னாடி நின்னு, பிரதமர் ராஜினாமா பண்றதுதான் சரின்னு சொன்னாங்க, ஆனா தான் மினிஸ்டரா தொடருவேன்னும் சொன்னாங்க. அவங்க பண்ணதுலயே எனக்கு பிடிக்காத முடிவு இதுதான். உள்ள இருக்கறதுக்கும் ஒரு நியாயம் இருக்கு, வெளிய போறதுக்கும் ஒரு நியாயம் இருக்கு. வாசல்படியில நின்னுகிட்டு வீட்டுக்காரரை வெளிய போகச் சொல்றதுக்கு நியாயம் எதுவும் கிடையாது. ஓல்மெர்ட் போகவும் இல்ல, இவங்களை நீக்கவும் இல்ல, இவங்க பேச்சு மட்டும் எடை குறைஞ்சுது.

இப்ப 2008. ஓல்மெர்ட் ஊழல் விசாரணையில மாட்டிகிட்டு விலகப் போறேன்னு அறிவிச்சார், கட்சித் தலைமைக்கு செப்டம்பர் 17 ப்ரைமரி, லிவ்னி அதே கட்சி மினிஸ்டர் ஷவுல் மொஃபாஸை வெறும் 431 ஓட்டுல ஜெயிச்சாங்க. அதுக்கு முந்தின நாள், செப்டம்பர் 16, ஓல்மெர்ட் பாலஸ்தீன அதிபர் அப்பாஸ் முன்னாடி ஒரு மேப்பை விரிச்சு இதுதான் எல்லைன்னு காட்டியிருந்தார், அப்பாஸ் கையெழுத்து போடல. இன்னொரு பக்கம் 2007-ல அமெரிக்காவுல நடந்த அன்னபோலிஸ் அமைதி மாநாட்டுக்கு அப்புறம் லிவ்னியே பாலஸ்தீன தரப்பு அகமது குரே கூட தனியா பேச்சுவார்த்தை நடத்திட்டு இருந்தாங்க. அதாவது பேச்சு ஓடிட்டு இருக்கற நேரத்துல பிரதமர் நாற்காலி காலியாகுது, கோல்டா மேயிருக்கு அப்புறம் ரெண்டாவது பெண் பிரதமரா வர லிவ்னிக்கு சான்ஸ், ஜனாதிபதி பெரஸ் அமைச்சரவை அமைங்கன்னு சொல்லிட்டார்.

கணக்கு என்னன்னா க்னெசெட்ல, அதாவது இஸ்ரேல் பார்லிமெண்ட்ல, மொத்தம் 120 சீட்டு, 61 வேணும். 2006 ரிசல்ட்டை வச்சுப் பாத்தா கடிமா 29, லேபர் 19, பென்ஷனர் கட்சி 7, இடதுசாரி மெரெட்ஸ் 5. கூட்டிப் பாருங்க, 60. ஒன்னு குறையுது. பென்ஷனர் கட்சி வேற அதுக்குள்ள உடைஞ்சு போயிருந்துச்சு. அரபுக் கட்சிகளுக்கு 10 சீட்டு இருந்துச்சு, ஆனா அவங்களை கூட்டணிக்குள்ள சேத்துக்கறது அன்னைக்கு எந்த பெரிய கட்சியும் தொடாத விஷயம். அதனால 12 சீட்டு வச்சிருந்த ஷாஸ்ங்கற தீவிர மதவாத யூதக் கட்சிதான் சாவி. ஷாஸ் அப்ப ஓல்மெர்ட் கேபினெட்லயே இருந்த கட்சி, புதுசா கூப்பிட வேண்டியதில்ல, இருக்கச் சொன்னா போதும். அவங்க ரெண்டு நிபந்தனை வச்சாங்க. ஒன்னு, குழந்தைகளுக்கான அலவன்ஸை ஏத்தணும், அவங்க ஓட்டர்கள் பெரும்பாலும் பெரிய ஏழைக் குடும்பங்கள். ரெண்டு, ஜெருசலேம் பேச்சுவார்த்தை மேசைக்கே வரக்கூடாது.

லிவ்னி முன்னாடி மூணு வழி இருந்துச்சு. ஷாஸ் கேக்கறதைக் குடுத்து பிரதமர் ஆகறது. ஷாஸ் இல்லாம சிறுபான்மை அரசு மாதிரி ஒன்னை, வெளியில இருந்து ஆதரவு வாங்கி ஓட்டறது. இல்லன்னா போங்கடான்னு எலக்ஷனுக்குப் போறது. லேபர் கூட ஒப்பந்தம் ரெடியாயிடுச்சு, ஷாஸ் அக்டோபர் 24 வரமாட்டோம்னு சொல்லிடுச்சு, 26-ந் தேதி லிவ்னி பெரஸ்கிட்ட போய் என்னால முடியல, எலக்ஷன் வைங்கன்னு சொல்லிட்டாங்க. மிரட்டலுக்கு பணிய மாட்டேங்கறதுதான் அவங்க குடுத்த காரணம், நாட்டுல நிறைய பேருக்கு அது பிடிச்சும் இருந்துச்சு.

எனக்கு இதுல உறுத்தறது என்னன்னா, ரெண்டு நிபந்தனையையும் ஒரே மூட்டையா கட்டி வேண்டாம்னுட்டாங்க. ஆனா ரெண்டும் ஒரே ஜாதி நிபந்தனை கிடையாது. முதலாவது பணம். பணம் குடுத்தா பட்ஜெட்ல ஒரு ஓட்டை விழும், அடுத்த வருஷம் அடைச்சுக்கலாம், அதுவும் பணம் போய்ச் சேர்ற இடம் புள்ளைங்க நிறைய இருக்கற ஏழை வீடுகள், அதைக் குடுத்திருந்தா யாருக்கும் குடி முழுகியிருக்காது. ரெண்டாவதுதான் உயிர் நாடி. அதை எழுத்துல குடுத்துட்டா அவங்க எதுக்காக பிரதமர் ஆகணும்னு நினைச்சாங்களோ அதையே வித்து நாற்காலி வாங்கின மாதிரி ஆயிடும், ஏன்னா ஜெருசலேம் இல்லாம பாலஸ்தீனர் யாரும் கையெழுத்து போட மாட்டாங்க. ஆனா ஷாஸ் ஓல்மெர்ட் கூட ரெண்டரை வருஷம் உக்காந்திருந்துச்சு, அந்த நேரத்துலதான் அன்னபோலிஸும் நடந்துச்சு, பேச்சும் நடந்துச்சு. லீபர்மனோட வலதுசாரி கட்சி இஸ்ரேல் பெய்தெய்னு பேச்சுவார்த்தை ஆரம்பிச்ச உடனே 2008 ஜனவரில கூட்டணியை விட்டுப் போச்சு, ஷாஸ் போகல. அப்ப ஷாஸுக்கு வேண்டியிருந்தது ஜெருசலேம் பத்தி பேசாம இருக்கற மாதிரி ஒரு தோற்றம், ஒரு வாசகம். வாசகம் எழுதறதுல இஸ்ரேல்லயே கெட்டிக்காரி யாருன்னா 2004-ல அந்த கேபினெட் வாசகத்தை எழுதுன லிவ்னிதான். நெதன்யாகுவையும் ஷரோனையும் ஒரே பேப்பர்ல சேத்தவங்களால ஷாஸ் தலைவர் எலி யிஷாயை சேத்திருக்க முடியாதான்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன்.

மறுபக்கத்தையும் சொல்லணும். நாற்காலி கிடைச்சிருந்தா அடுத்த எலக்ஷன் 2010-ல, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கையில இருந்திருக்கும். ஆனா ஷாஸ் எப்ப வேணா எழுந்து போகலாம், போனா அரசு கவுந்துடும், அதனால ஒவ்வொரு வாரமும் புது நிபந்தனை வந்துகிட்டே இருந்திருக்கும்னு ஒரு வாதம் இருக்கு, அது பொய் இல்ல. சொந்தமா ஜெயிச்சு வந்த பிரதமர்னா மக்கள்கிட்ட இருந்து நேரா அதிகாரம் வாங்கின மாதிரி, அடுத்தவர் காலி பண்ண நாற்காலியில உக்காந்தவங்கன்னு யாரும் பேச முடியாது, அந்த ஆசையும் தப்பில்ல. இத்தனையையும் தராசுல போட்டாலும் என் கை முதல் வழி பக்கம்தான் சாயுது. காரணம் சிம்பிள். பிரதமரா எலக்ஷனை சந்திக்கறதும் வெளியுறவு மினிஸ்டரா எலக்ஷனை சந்திக்கறதும் ஒன்னு கிடையாது, அதுவும் பக்கத்துல இன்னும் ஓல்மெர்ட்டே இடைக்கால பிரதமரா உக்காந்துட்டு இருக்கும்போது.

அந்த இடைக்காலத்துலதான் காஸா மேல போர். 2008 டிசம்பர் 27 ஆரம்பிச்சு ஜனவரி 18 வரைக்கும். 1,400 பேர் அளவுக்கு பாலஸ்தீனர்கள் செத்தாங்க, இஸ்ரேல் பக்கம் 13 பேர். வெளியுறவு மினிஸ்டரா லிவ்னி உலகம் பூரா அதை நியாயப்படுத்திப் பேசுனாங்க. கேபினெட்ல இருக்கறதோட விலை இது, நல்ல வாசகம் எழுதற சலுகையோட சேத்து இந்த ரத்தத்துலயும் பங்கு வருது, நான் அமைதிக்காகத்தான் உள்ள இருந்தேன்னு சொல்லி இந்தப் பக்கத்தை கிழிச்சுப் போட முடியாது. இதை எழுதாம கூட்டணிக் கணக்கு மட்டும் பேசறது எனக்கு முடியல.

2009 பிப்ரவரி 10 எலக்ஷன். கடிமா 28, லிக்குட் 27. ஒரு சீட்டு முன்னால, ஆனா யாரை அமைச்சரவை அமைக்க விடலாம்னு சொல்ல பெரஸ்கிட்ட போன கட்சிகள்ல 65 எம்.பி. பலம் நெதன்யாகு பேரைச் சொன்னுச்சு, லிவ்னி பேரைச் சொன்னது அவங்களோட 28 பேர் மட்டும். ஷாஸ் 11 சீட்டோட அந்தப் பக்கம் போயிருந்துச்சு, அக்டோபர் மாசத்து கதவடைப்பு எங்க வந்து நின்னுச்சு பாருங்க.

நெதன்யாகு தேசிய ஒற்றுமை அரசுன்னு கூப்பிட்டார், பெரிய இலாகாக்கள் தர ரெடி. லிவ்னி ரெண்டு கேட்டாங்க. ரெண்டு நாடு தீர்வை அரசோட கொள்கையா எழுத்துல போடணும், பிரதமர் பதவியை ரொட்டேஷன்ல பகிர்ந்துக்கணும். ரொட்டேஷன் ஒன்னும் புதுசில்ல, 1984-ல லேபரோட பெரஸும் லிக்குட்டோட ஷமீரும் ஆளுக்கு ரெண்டு வருஷம்னு பண்ணாங்க. ஆனா 1984-ஐயும் 2009-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். 1984-ல பெரஸ் அணிக்கு 44, ஷமீருக்கு 41, ரெண்டு பேராலயும் தனியா 61 தேத்த முடியல, அதனால ரெண்டு பேருக்கும் ரெண்டு பேரும் தேவை. 2009-ல நெதன்யாகு லிவ்னி இல்லாமலே 65 வச்சிருந்தார். தேவைப்படாத ஆள் பாதி நாற்காலி கேட்டா யார் குடுப்பா.

சரி, ரொட்டேஷன் இல்லாம போயிருக்கலாமா? இதுக்கு பக்கத்துலயே ஒரு பரிசோதனை நடந்துச்சு. லேபர் கட்சி எஹுட் பராக் 13 சீட்டோட உள்ள போனார், டிஃபென்ஸ் மினிஸ்டர் ஆனார், 2011 ஜனவரில கட்சி ரெண்டா உடைஞ்சு அவர் நாலு பேரோட தனியா போனார், மிச்சம் 8 பேர் எதிர்க்கட்சிக்கு வந்தாங்க. 2013 எலக்ஷன்ல பராக் நிக்கவே இல்ல. உள்ள போனா கட்சி கரையும்ங்கறதுக்கு இது சாட்சி. வெளிய நின்னா கரையாதான்னா, கடிமாவும் கரைஞ்சுதான் போச்சு. மூணு வருஷம் எதிர்க்கட்சித் தலைவரா இருந்தாங்க, அந்தப் பதவிக்கு சட்டப்படி ஒரு மரியாதை உண்டு, பிரதமர் மாசத்துக்கு ஒரு தடவையாவது நாட்டு நிலவரம் சொல்லணும். ஆனா 2009 ஜூன்ல நெதன்யாகுவே பார்-இலான்ல நின்னு பாலஸ்தீன நாடுன்னு வாயால சொல்லிட்டார், நவம்பர்ல 10 மாசம் குடியேற்றக் கட்டுமானத்தை நிறுத்தறேன்னும் அறிவிச்சார், லிவ்னியோட தனி அடையாளம் பாதி அங்கயே போச்சு. 2011 கோடையில வீட்டு வாடகைக்காக டெல் அவீவ் ரோத்ஸ்சைல்ட் பொலிவார்ட்ல கூடாரம் போட்டு லட்சக்கணக்குல ஜனங்க தெருவுக்கு வந்தப்ப, பெரிய எதிர்க்கட்சியா இருந்தும் கடிமா அந்த அலையைப் பிடிக்கல. பதவியில இல்லாததுக்கு வேற மாதிரி ஒரு விலையும் இருந்துச்சு, 2009 டிசம்பர்ல லண்டன்ல ஒரு கோர்ட்டு காஸா போர் சம்பந்தமா அவங்களுக்கு அரெஸ்ட் வாரண்ட் போட்டுச்சு, நாட்டுலயே இல்லன்னு தெரிஞ்சதும் வாபஸ் வாங்குனாங்க. பதவியில இருக்கற வெளியுறவு மினிஸ்டருக்கு இருக்கற பாதுகாப்பு எதிர்க்கட்சித் தலைவருக்கு கிடையாது. 2011-ல பிரிட்டன் சட்டத்தையே திருத்துச்சு, இந்த மாதிரி வாரண்ட்டுக்கு பப்ளிக் ப்ராசிக்யூஷன் டைரக்டர் சம்மதம் வேணும்னு.

2012 மார்ச்ல கடிமா ப்ரைமரி, மொஃபாஸ் 60 சதவீதத்துக்கு மேல வாங்கி ஜெயிச்சார், லிவ்னி மே 1 எம்.பி. பதவியை விட்டாங்க. அடுத்த வாரமே மொஃபாஸ் போய் நெதன்யாகு கூட்டணியில சேந்தார். இது ரெண்டாவது பரிசோதனை, இதைத்தான் நல்லா கவனிக்கணும், ஏன்னா அதே 28 சீட்டு, அதே நெதன்யாகு, வழி மட்டும் வேற. கூட்டணி 94 ஆச்சு. ஆனா மொஃபாஸ் வர்றதுக்கு முன்னாடியே நெதன்யாகு கையில 66 இருந்துச்சு. மதப் பள்ளி மாணவர்களை ராணுவத்துல சேக்கற சட்டத்துல சண்டை வந்து 70 நாள்ல வெளிய வந்தார், அரசு அசையல. 2013 ஜனவரில கடிமா 2 சீட்டு.

இந்த ரெண்டு பரிசோதனையையும் பாத்துட்டு நான் வச்சுக்கிட்ட அளவுகோல் இதுதான், சீட்டு எத்தனைன்னு எண்ணாதீங்க, நீங்க எழுந்து போனா அரசு விழுமான்னு கேளுங்க. விழும்னா 6 சீட்டும் போதும், விழாதுன்னா 28-ம் அலங்காரம். விழாத இடத்துக்கு போறதா இருந்தா, தினமும் கைக்கு வேலை குடுக்கற நாற்காலியா கேட்டு வாங்கணும், பேர் மட்டும் பெருசா இருக்கற நாற்காலி வேண்டாம்.

2013-ல லிவ்னி இதைத்தான் பண்ணாங்கன்னு நான் நினைக்கறேன். ஹட்னுவான்னு புதுக்கட்சி, 6 சீட்டு, பிப்ரவரி 19 கையெழுத்து. அன்னைக்கு நெதன்யாகு அணிக்கு 31-தான், மத்த கட்சித் தலைவர்களான லபீடும் பென்னட்டும் கை கோத்துகிட்டு அவரை இழுத்தடிச்சிட்டு இருந்தாங்க, அதனால முதல்ல வர்ற ஆளுக்கு நல்ல விலை. நீதி இலாகாவும், பாலஸ்தீனர் பேச்சுவார்த்தைக்கு தலைமையும் எழுத்துல வாங்குனாங்க. இடம் தெரிஞ்சு அடிச்ச அடி. ஏன்னா நீதி மினிஸ்டர்தான் சட்டமியற்றலுக்கான அமைச்சர்கள் குழுவுக்கு தலைவர், எம்.பி.க்கள் கொண்டு வர்ற தனி மசோதாக்களை அரசு ஆதரிக்குமா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்கதான் முடிவாகும். வெளிய இருந்து ஆயிரம் பிரசங்கம் பண்ணாலும் நிக்காத மசோதா அங்க ஒரு வாரம் தள்ளிப் போட்டா செத்துடும். 2013 டிசம்பர்ல ஜோர்டான் பள்ளத்தாக்கு குடியேற்றங்களை இணைக்கற மசோதா வந்தப்ப லிவ்னி தலைவரா இருந்தும் ஓட்டுல தோத்தாங்க, அப்பீல் பண்றேன்னு அறிவிச்சாங்க, அது சட்டமாகாம போச்சு. இஸ்ரேல் யூதர்களோட தேசிய அரசுன்னு எழுதி வைக்கற யூத தேசிய அரசு சட்டம் வந்தப்ப, ரூத் கவிஸோன்ங்கற சட்டப் பேராசிரியர்கிட்ட ஆய்வுக்கு குடுத்தாங்க, அந்த அம்மா நல்லா யோசிச்சு எழுதி இப்படி ஒரு சட்டமே வேண்டாம்னு 2014 நவம்பர்ல பரிந்துரை பண்ணாங்க. லிவ்னி நீதி மினிஸ்டரா இருந்த வரைக்கும் அந்தச் சட்டம் க்னெசெட்டை தாண்டல. 2018 ஜூலைல 62-க்கு 55-ன்னு பாஸ் ஆச்சு, அப்ப லிவ்னி வெளிய. உள்ள இருந்ததால என்ன கிடைச்சுதுன்னு கேக்கறவங்களுக்கு இந்த தேதி வித்தியாசத்தைத்தான் நான் காட்டுவேன்.

பேச்சுவார்த்தை விஷயத்துல மட்டும் வேற கதை. 2013 ஜூலை கடைசியில வாஷிங்டன்ல ஜான் கெர்ரி முன்னிலையில ஆரம்பிச்சுது, பாலஸ்தீனர் பக்கம் சயீப் எரகாத், கெடு ஒன்பது மாசம். லிவ்னி தலைமைன்னு பேரு, ஆனா பக்கத்துல நெதன்யாகு தன்னோட சொந்த வக்கீல் யித்சாக் மோல்கோவையும் உக்கார வச்சிருந்தார். 1993 ஆஸ்லோ ஒப்பந்தத்துக்கு முன்னாடியே கைதான 104 பாலஸ்தீனரை நாலு தவணையா விடணும்னு ஒப்பந்தம், மூணு தவணை விட்டாங்க, நாலாவது மார்ச் கடைசியில நின்னுச்சு. அதே நேரம் வீட்டுவசதி இலாகா கிழக்கு ஜெருசலேம் கிலோவுல 700-க்கு மேல வீட்டுக்கு டெண்டர் விட்டுச்சு, அந்த இலாகா யார் கையில, 12 சீட்டு வச்சிருந்த பென்னட் கட்சியோட ஊரி ஏரியல் கையில. ஒரே கேபினெட், ஒரு மினிஸ்டர் மேசையில கட்டறதை இன்னொரு மினிஸ்டர் டெண்டர்ல உடைக்கறார். ஏப்ரல் 23 அப்பாஸோட ஃபத்தாவும் காஸாவை வச்சிருந்த ஹமாஸும் சமரசம்னு அறிவிச்சாங்க, மறுநாள் இஸ்ரேல் பேச்சை நிறுத்திடுச்சு. மே மாசம் லிவ்னி லண்டன்ல அப்பாஸைப் பாத்துப் பேசுனது நெதன்யாகுவுக்கு கடும் கோபம். இதுக்கப்புறமும் அவங்க உள்ளயே இருந்தாங்க, இங்கதான் எனக்கு அவங்க மேல வருத்தம். ஏப்ரல் 2014-லயே, பேச்சு செத்த அன்னைக்கே, காரணத்தை நாட்டுக்கு விளக்கிச் சொல்லிட்டு வெளிய வந்திருக்கணும். கூட்டணில மொத்தம் 68, இவங்க 6 பேர் போனா 62, அரசு விழாது, ஆனா போறதுக்கு அதை விட சரியான காரணம் அவங்களுக்கு வாழ்க்கையில கிடைச்சிருக்காது. இருந்ததால என்ன ஆச்சுன்னா ஜூலை 8-ல இருந்து ஆகஸ்ட் 26 வரைக்கும் நடந்த அடுத்த காஸா போர்ல பாதுகாப்பு கேபினெட்ல உக்காந்திருந்தாங்க, 2,100-க்கு மேல பாலஸ்தீனர்கள் செத்தாங்க, இஸ்ரேல் பக்கம் 67 சோல்ஜர், 6 பொதுமக்கள். டிசம்பர் 2 அன்னைக்கு நெதன்யாகு அவங்களையும் லபீடையும் டிஸ்மிஸ் பண்ணிட்டு எலக்ஷன் அறிவிச்சார்.

அதனால தேர்வு வரிசையை நான் இப்படி வைப்பேன். 2008-ல பணத்தைக் குடுத்து, ஜெருசலேமுக்கு ஒரு வாசகம் எழுதப் பாத்திருக்கணும், அதுவும் முடியலன்னா அப்ப எலக்ஷன். 2009-ல வெளிய நின்னது தப்பில்ல, ஆனா ரொட்டேஷனையும் கேட்டதால கொள்கைக்காக போகலங்கறது பதவிக்காக போகலன்னு படிக்கற மாதிரி ஆயிடுச்சு, ரெண்டு நாடு வாசகத்தை மட்டும் கேட்டு நின்னிருந்தா நெதன்யாகு ஜூன்ல வாயால சொன்னதை மார்ச்லயே எழுதச் சொல்லி அழுத்தியிருக்கலாம். 2013-ல போனது சரி, போன நேரமும் கேட்ட நாற்காலியும் சரி, கிளம்புன நேரம்தான் எட்டு மாசம் லேட்.

2015-ல லேபர் தலைவர் ஹெர்சோக் கூட சேந்து சியோனிஸ்ட் யூனியன்னு நின்னாங்க, ஜெயிச்சா பிரதமர் பதவி ரொட்டேஷன்னு ஒப்பந்தம், ஓட்டுப் பதிவுக்கு முந்தின ராத்திரி அந்த உரிமையை தானே விட்டுக் குடுத்தாங்க, 2009-ல பிடிச்ச பிடியை அன்னைக்கு விட்டாங்க, கூட்டணிக்கு 24, லிக்குட் 30. 2019 ஜனவரி 1 லேபர் தலைவர் அவி கபாய் டிவி கேமரா முன்னாடி, லிவ்னியை பக்கத்துல உக்கார வச்சுகிட்டே, கூட்டு முடிஞ்சுதுன்னு அறிவிச்சார், அவங்களுக்கு அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லல. முகத்துல ஒன்னும் காட்டாம, நான் அப்புறம் பேசறேங்கற மாதிரி சுருக்கமா சொல்லிட்டு எழுந்து போனாங்க. பிப்ரவரி 18 அரசியலை விட்டு விலகறேன்னு அறிவிச்சாங்க, தனியா நின்னா ஓட்டு சிதறும், பார்லிமெண்ட்டுக்குள்ள வர வேண்டிய 3.25 சதவீதத்தை தாண்டாத கட்சியோட ஓட்டெல்லாம் வீணாப் போகும்னு. அந்த ஏப்ரல்ல லேபருக்கு 6 சீட்டு கிடைச்சுது.